தண்ணீர் வலப்பக்கம்

மாங்குளத்தில் படிப்பித்த நாட்களில், சனிக்கிழமை என்றால் நானும் சக ஆசிரியர் ஒருவரும் குளம் பார்க்கச் சைக்கிளில் கிளம்பிவிடுவோம். இருவரும் யாழ்ப்பாணத்தார்; கிணற்றைத் தவிர நல்ல தண்ணீர் கண்டறியாதவர்கள்.

ஒரு காலை, சிறிய குளமொன்றின் கீழே வரம்பு வெட்டிக்கொண்டிருந்தவரிடம் ஒட்டுசுட்டானுக்குக் குறுக்குவழி கேட்டோம்.

"குளக்கட்டில ஏறிப் போங்கோ. தண்ணி வலக்கைப் பக்கம் இருக்கட்டும்."

கட்டு முடிந்து காடு வந்தது. "இன்னொருக்கா ஆரையும் கேப்பம்" என்றார் நண்பர். சொன்னபடி போகத் தெரியாதா என்று எனக்குச் சினம் வந்தது. கொக்குகளையும் தாமரைகளையும் பார்த்துக்கொண்டு, சேறு கண்ட இடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, தண்ணீரை வலப்பக்கம் விடாமல் போனேன். முணுமுணுத்தபடி அவரும் வந்தார். உண்மையில், அதைவிட நல்ல சவாரி எனக்கு வாய்த்ததில்லை.

மத்தியானம் மறுபடியும் ஒரு குளக்கட்டு வந்தது. கீழே அதே மனிதர் சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"கட்டு முடிய வண்டிப் பாதையில இறங்கியிருக்க வேணும், தம்பியவை" என்றார். பிறகு சிரிக்காமலே சொன்னார்: "பரவாயில்லை, வலம் வந்திட்டியள். கும்பிட்டிட்டு வாங்கோ, சாப்பிடுவம்."

நண்பர் என்னை முறைத்தபடியே செருப்பைக் கழற்றினார். எனக்கோ நல்ல பசி. நானும் கழற்றினேன்.