வயிற்றுவலிக்குக் கொடுத்த மோர்

என் ஏழு வயது மகள் மதுவுக்குச் சீலியாக் நோய். கோதுமை, மைதா துளி சேர்ந்தாலும் குடல் புண்ணாகிவிடும். கணவரின் மில் வேலைக்காகக் கோவையிலிருந்து ராஜபாளையம் வந்தபோது, அரிசிச் சாப்பாடுதானே என்று புது டாக்டரைத் தேடாமல் இருந்துவிட்டேன்.

தண்ணீர் மாறியதாலோ என்னவோ, மதுவுக்கு லேசாக வயிறு வலித்தது. "மோர்ல பெருங்காயத்தைக் கலக்கிக் குடு தாயி, செத்த நேரத்துல கேட்டுரும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சமையலுக்குப் பெருங்காயமே சேர்க்காத நான், புதுசாக ஒரு டப்பா வாங்கித் தினமும் கொடுத்தேன். வயிறு ஊதியது. கைகால்கள் குச்சியாயின. பள்ளியில் மயங்கி விழுந்தாள்.

மதுரையிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் குடல்நோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"கோதுமை வீட்டுலயே இல்ல டாக்டர்."

"வயிறு வலிச்சா என்னம்மா குடுப்பீங்க?"

மோரைச் சொன்னேன்.

"டப்பாவைப் படிச்சுப் பார்த்தீங்களா? தூள் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பாங்க."

வலி கூடக்கூட நான் சிட்டிகையையும் கூட்டியிருந்தேன்.

இப்போது எந்தப் பொட்டலத்தையும் பின்பக்கம் படிக்காமல் வாங்குவதில்லை. அந்த டாக்டரிடம் தவறாமல் போகிறோம். மதுவும் தேறிவிட்டாள். ஆனால் வெறும் மோரை நீட்டினாலும், முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறாள்.