பீலியில் வந்த பச்சை

என் கணவர் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று படித்தவர். நான் அது எதையெல்லாம் சுமந்துகொண்டு ஓடுகிறது என்று படித்தவள். கண்டியில் ஒரே பல்கலைக்கழகத்தில், இரண்டு கட்டடங்களில் எங்களுக்கு வேலை. வீட்டில் யாராவது கை கழுவினால் அவர் குழாயைப் பார்ப்பார், நான் கையைப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தம்பி, குசினி அலுமாரியில் நான் தண்ணீர் மாதிரி எடுக்கும் போத்தல்கள் அடுக்கியிருந்ததைக் கண்டுவிட்டான். வெறும் போத்தல்கள்தான் என்று எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. எங்கள் வீட்டில் நின்ற நாளெல்லாம் கடைச் சோடாதான் குடித்தான்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான் போக நேர்ந்தது ஒரு கைக்குழந்தையால். அங்கே ஒரு லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் வீடுகளில் ஒன்றில், அந்தக் குழந்தைக்கு விட்டுவிட்டு வயிற்றோட்டம். உடம்பு தேறி வரும்போதே மறுபடி தொடங்கிவிடுகிறது. தாய்மாரையும் பிள்ளைகளையும் கவனிக்கும் அந்தப் பகுதிக் குடும்பநல மாது ஒரு கூட்டத்தில் என்னைப் பிடித்து, தண்ணீரை ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேட்டார். லயத்தில் அப்போது கைக்குழந்தை அது ஒன்றுதான். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

மலை ஊற்றைச் சிறு தொட்டியில் தேக்கி, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக விழவிடுகிறார்கள். அதற்குப் பீலி என்று பெயர். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அதுதான். நான் வரும் நாளை முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தேன். போய்ப் பார்த்தால் பீலிக்கரை தேர்த் திருவிழாவுக்கு ஆயத்தமான வீதி மாதிரி இருந்தது. சீமெந்துத் தரையில் ஒரு பொட்டுப் பாசி இல்லை. குழாயின் கழுத்தில் யாரோ செவ்வந்திப் பூ சொருகியிருந்தார்கள். பூவை எடுத்துவிட்டுத்தான் போத்தலைப் பிடித்தேன். அன்று எனக்குக் கடும் தடிமன், மூக்கு பெயருக்குத்தான் இருந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்டி குட்ஷெட் பஸ் நிலையம் வரை வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன மீன் என்று கேட்டார்.

ஆய்வுகூடத் தட்டில் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. நல்ல தண்ணீர். எனக்கு ஒரே சந்தோஷம். அதை நேரில் சொல்லவே அடுத்த கிழமை திரும்பப் போனேன்.

குழந்தையின் தாய் மெலிந்த, வேகமான பெண். கணவனுக்குக் கண்டியில் ஒரு கடையில் வேலை, விடுமுறைக்குத்தான் வருவான். வீட்டில் அவளும் குழந்தையும் கொழுந்து பறிக்கப் போகும் மாமியாரும். நான் விஷயத்தைச் சொன்னதும் மாமியார் தலையசைத்தார்.

"தண்ணி நல்ல தண்ணின்னா அப்பறம் என்ன? இவ கைதான் சரியில்ல. நானும் எத்தன தடவ சொல்லிட்டேன், புள்ள கோப்பைய நல்லா கழுவு, நல்லா கழுவுன்னு."

கோபமாகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பது போலச் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் குனிந்தபடி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். நான் கொண்டுவந்த நல்ல செய்தி அவள் தலையில் போய் விழுந்திருந்தது.

பஸ் ஏறும் இடம்வரை என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

"என்னமோ மிஸ், தண்ணியாவது நல்லாருக்கே. நாங்க பட்ட பாடு வீணாப் போகல."

"என்ன பாடு தங்கச்சி?"

"நீங்க வர்றீங்கன்னு முந்தின நாளே எல்லாரும் சேந்து கழுவுனோமே. தொட்டிக்குள்ள எறங்கி நான்தான் தேச்சேன். ப்ளீச்சிங் பவுடர் நெறைய கொட்டுனோம். கெம்பஸ்ல இருந்து வர்றவங்க பாசியப் பாத்தா என்னா நெனைப்பாங்க?"

நான் நடுவழியில் நின்றுவிட்டேன். தட்டில் ஒன்றும் முளைக்காததற்குக் காரணம் அந்தப் பவுடர்தான்; அடைத்த மூக்குக்கு அதன் மணம் எட்டவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கியது. அவளுக்குச் சாட்சி சொல்லியிருக்கவேண்டிய தண்ணீரை அவளே என் மரியாதைக்காகத் தேய்த்துக் கழுவி, பூவும் வைத்திருக்கிறாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சிரிக்கவில்லை.

"ஆள் வருது எண்டால் நாங்களும் கதிரை உறை மாத்திறனாங்கள்தானே. நீர் நாளைச் சொல்லாமல் போயிருக்க வேணும்."

"அப்ப நீங்களும் வாங்கோ" என்றேன். "என்ரை தட்டில முளைக்கிறதை அந்த மாமியாருக்குக் காட்டேலாது. உங்கடை சாயத்தைக் காட்டலாம்."

அவரிடம் ஒரு தூள் இருக்கிறது. கையில் செம்மஞ்சள், தண்ணீரில் விழுந்தால் பளீரென்ற பச்சை. ஆளுக்குக் கெடுதி இல்லை. ஓரிடத்தில் கரைத்துவிட்டால், நிலத்துக்குள் தண்ணீர் எந்த வழியால் போய் எங்கே வெளிவருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். தொட்டிக்கு மேலே, மேட்டு லயத்தின் கழிப்பறைக் குழி இருப்பதை நான் முன்பே கவனித்திருந்தேன். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டோம். லயத்துக்கு மட்டும் நாளைச் சொல்லவில்லை. இனிமேல் பீலியைக் கழுவவேண்டாம் என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

நாங்கள் போனபோது அந்தப் பெண் குழந்தையின் கோப்பையுடன் பீலியில் நின்றாள். எங்களைக் கண்டதும் குழாய்க்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டாள். காலடியில் பாசி வழுவழுத்தது.

"பாக்காதீங்க மிஸ், வெக்கமா இருக்கு. கழுவாதீங்கன்னு சொன்னீங்கன்னுதான் விட்டோம். கை பரபரங்குது."

"பாக்கத்தான் தங்கச்சி வந்தனாங்கள். கையில என்ன?"

"புள்ளையோட கோப்பை. அவிச்சு எடுத்தேன். மாமி கழுவுனது பத்தாதுன்னு சொல்லும். அதான் அவிச்ச பொறகும் இங்க வந்து இன்னொருக்கா கழுவிக்கிறேன்."

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏச்சு விழ விழ அவள் கழுவினாள். கழுவக் கழுவக் குழந்தைக்கு வயிறு போனது. ஆனால் அதை அப்போது அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் கெட்டது என்று நிரூபிக்காமல் சொன்னால், அதுவும் அவள் கைமேல்தான் போய் விழும்.

நான் போத்தலை நிரப்பிக்கொண்டேன். வீடுகளுக்குத் தேவையான தண்ணீரை முதலிலேயே பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, என் கணவர் மேலே ஏறிக் குழியில் சாயத்தைக் கரைத்து ஊற்றினார். பிறகு காத்திருந்தோம். செய்தி பரவி, மதியச் சாப்பாட்டுக்கு வந்த பெண்களும் பீலிக்கரையில் கூடிவிட்டார்கள். மாமியார் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழாயின் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"வராட்டிலும் அது ஒரு விடைதானே" என்றார் என் கணவர் மெல்ல.

"உங்களுக்கு விடை" என்று பாய்ந்தேன். "அவளுக்கு?"

பாவம், அவருக்கும் உள்ளுக்குள் பதற்றம்தான். போய்க் குழாயடியில் குந்தினார்.

முதலில் கண்டது அவள்தான். "மிஸ்" என்று குழாயைக் காட்டினாள். தண்ணீரில் இளநீர்க் காயின் நிறத்தில் ஒரு சாயல். சற்று நேரத்தில் கடும் பச்சையாகி, பாசி படிந்த தரையெல்லாம் பச்சையாக ஓடியது. மேலே யாருடைய கழிப்பறையில் ஊற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். அங்கிருந்து சாயம் வந்ததென்றால் வேறு என்னென்ன வரும் என்றும் யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஆய்வுகூடத் தட்டு பின்னால் அதையே சொன்னது. குழியை வேறிடம் மாற்ற நாங்கள் ஏறி இறங்கிய படிகளின் கதை நீளமானது. கடைசியில் மாற்றினார்கள்.

மாமியார் எழுந்து வந்தார். பச்சைத் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார், உதறினார். மருமகளின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"இத இனி இங்க கொண்டாராத. சுடுதண்ணியில நானே கழுவித் தாறேன்" என்றார். மன்னிப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் இல்லைங்களா மிஸ்?"

"நீங்கள் இல்லை தங்கச்சி. தண்ணிதான்."

அவள் குழந்தையின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டாள். மாமியார் கோப்பையோடு லயத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார். அவள் முகத்தை நிமிர்த்தி, அந்த முதுகைப் பார்த்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க மிஸ்" என்றாள். "கொஞ்சம் சத்தமா."

விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசைக்குக் கேட்பதற்குப் பேசிப் பழகிய குரல் என்னுடையது. அந்தக் குரலில், ஒருமுறைக்கு இரண்டுமுறையாகச் சொன்னேன்.