வாய்தாவுக்கு லீவு கிடையாது

என் தம்பிக்கு முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. கபடியில் ரெய்டு போகிறவனுக்கு முட்டிதான் எல்லாம். கொஞ்ச நாள் ஆடாதே என்றார் டாக்டர். ஆடாவிட்டால் கம்பெனி டீமில் இடம் இல்லை. டீமில் இல்லாவிட்டால் ஒரகடத்தில் அந்த உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலையும் இல்லை; அவனை எடுத்ததே கபடிக்காகத்தான். எனவே ஷிஃப்ட் முழுக்க லைனில் நின்றுவிட்டு, அதே காலோடு போய் ஆடினான். வலியில் தூக்கம் வராது. டீம் கேப்டன் ஒரு நாள் கஞ்சாவைச் சுருட்டிக் கையில் கொடுத்திருக்கிறான். அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருக்கிறான் இவன். ஆரம்பம் அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபோன் கம்பெனியில் வேலை செய்கிறேன், ஹாஸ்டல் வாசம். அவன் இருங்காட்டுக்கோட்டையில் ஊர்க்காரப் பையன்களோடு ஒரு ரூமில் இருந்தான். ஓ.டி. இல்லாத ஞாயிறுகளில் அங்கே போய்க் குழம்பு வைத்துக் கொடுப்பேன். சாப்பிட்டுக்கொண்டே பேசுவது ஒரே ஒரு விஷயம்தான்: போலீஸ் வேலை. மாநில அளவில் ஆடிய சர்டிபிகேட் வைத்திருந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் தேர்வும் எழுதியிருந்தான். அது மட்டும் கிடைத்துவிட்டால் அம்மா ஊரில் பீடி சுற்றுவதை நிறுத்திவிடலாம். கான்ட்ராக்ட் என்ற பேச்சே எங்கள் வீட்டில் இருக்காது.

ஒரு காலை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து ரூம்காரர்களை பைக் திருட்டு விஷயமாகத் தேடி போலீஸ் வந்தது. அவர்கள் கிடைக்கவில்லை, இவன் கிடைத்தான். சட்டைப் பையில் சின்னதாக ஒரு பொட்டலம். அளவு கொஞ்சம் என்பதால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் லீவு போட்டு ஓடினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

“ஏல, போலீஸ் வேலைக்குப் போறவன் போலீஸ்கிட்டயே மாட்டிக்கிட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்ல ஒனக்கு?”

“கால் வலிச்சுதுக்கா.”

“வலிச்சா எங்கிட்டச் சொல்லணும்லா?”

“சொன்னா ஆடாதலம்ப.”

ஆமாம், சொல்லியிருப்பேன்.

இந்தப் பக்கம் கேஸ் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு ஜெயிலை விட லீவுதான் பயம். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டில் போய் நின்றால் கான்ட்ராக்ட்காரன் இன்னொரு ஆளை லைனில் நிறுத்திவிடுவான். அந்தக் கேப்டன், உள்ளூர்க்காரன், அதைத்தான் சொன்னான்: “ஒத்துக்கினு ஃபைன கட்டிட்டு வந்துகினே இரு. இல்லாங்காட்டி வருசக்கணக்குல அலைய வுடுவானுங்க.” அவனே பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். வக்கீலிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செய்தாயா என்று நீதிபதி கேட்டார், செய்தேன் என்றான், அபராதம் கட்டினான், மத்தியான ஷிஃப்ட் பஸ்ஸையும் பிடித்துவிட்டான். பஸ்ஸில் இருந்தே எனக்கு ஃபோன். “முடிஞ்சிட்டுக்கா.” நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

முடிந்தது எங்கே? ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் கோர்ட்டே குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டதாக அர்த்தம் என்பதைச் சொல்ல எங்களுக்கு ஒரு நாதி இல்லை. எழுத்துத் தேர்வில் பாஸ் ஆனான். முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டத்திலும் பாஸ் ஆனான். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். கடைசியாக ஊரில் விசாரிக்க வந்த போலீஸ்காரர், “பையன் மேல கேஸ் இருக்கு, தண்டனையும் ஆயிருக்கேம்மா” என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம்தான் வக்கீலைத் தேடிப் போனோம். “கேஸ நடத்தியிருந்தாலாவது பேசிப் பாக்க ஒரு வழி இருந்திருக்கும். அவரே ஒத்துக்கினா நான் இன்னாம்மா பண்றது?” என்றார். போலீஸ் வேலை போயிற்று. வயிறு எரிந்தது எனக்கு, இன்றைக்கும் எரிகிறது.

செய்தி கம்பெனிக்கும் எட்டியது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். சுருட்டிக் கையில் கொடுத்த அதே கேப்டன், “அவன் கஞ்சா கேசுப்பா, டீம் பேரு கெட்டுடும்” என்று மற்றவர்களிடம் சொன்னானாம். கேட்டதும் அவனை நடுரோட்டில் நிறுத்தி நாலு அறை விடத் தோன்றியது. ஹவுஸ் ஓனர் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா வூட்டுக்குள்ள போலீஸ் பூந்துச்சுன்னா நாளைக்கு எவன் குடி வருவான்? தம்பிய வேற எடம் பாக்கச் சொல்லு.” செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இடம் பிடித்தான். ஒரு குடோனில் மூட்டை ஏற்றி இறக்கினான், அந்த முட்டியோடு.

அதற்குப் பிறகுதான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற பழைய டீம்காரர்கள், கொட்டகை வாசலில் பைக்கை நிறுத்தி, பொருள் இருக்கா என்று கேட்டார்கள். ஒருத்தனுக்குத் தோள் வலி, ஒருத்தனுக்கு இடுப்பு வலி, ஒருத்தனுக்குச் சும்மா. கேஸ் வாங்கியவனிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும் என்ற நினைப்பு. முதலில் வந்தவனைக் கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டியதாக என்னிடம் சொன்னான். எனக்கு அதில் ஒரு நிம்மதி. கோபம் இருக்கிறவரை பையன் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

போன மாதம் கேன்டீனில் என் லைனில் வேலை செய்கிற பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்க வீட்டுக்காரரு வாலிபால் ஆடுறவரு, தோள்பட்டை வலியில தூங்க மாட்டேங்கிறாரு. உங்க தம்பிகிட்ட கெடைக்குமாமே?” தட்டை அப்படியே வைத்துவிட்டு அவளை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சூப்பர்வைசர் வந்துதான் விலக்கினார்.

அந்த ஞாயிறு கொட்டகைக்குப் போய், வெங்காயம் அரிந்துகொண்டே அதைச் சொன்னேன். கொதிப்பான், இனி எவளாவது கேட்டால் செருப்பால் அடி என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

“எவ்வளவு வேணுமாம்க்கா?”