பார்பராவின் கற்குவியல்

ஃபெஸ்டி லாய்டன் பள்ளிக்கூடம் போனது நாலே வருஷம். அவர் ஊரான டெரிநாவ்ராவில் அப்போது ஏழு வீடுகள். மற்றதெல்லாம் சதுப்பும் பாறையும் கடல்காற்றும்தான். பதினாறு வயதில் கயிறு கட்டிய பெட்டியோடு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே பள்ளம் வெட்டினார், சாலை போட்டார். கடைசியில் அவர் பெயர் எழுதிய லாரிகள் பதினொன்று ஓடின. யாரும் தூக்கிவிடவில்லை, இரண்டு கைகளும் முதுகெலும்பும்தான் துணை.

அறுபத்து மூன்றாம் வயதில் திரும்பி வந்து, பிறந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே புது வீடு கட்டினார். அந்தக் குளிர்காலத்தில், வீட்டு வாசலுக்கு எதிரே தானே ஒரு கல்சுவர் எழுப்பினார். சிமெண்டு ஒரு கரண்டி கிடையாது. கல்லைக் கல் பிடித்து நிற்கும் சுவர். அந்தக் கடற்கரையிலேயே அப்படி ஒன்று இல்லை. வாசல் தூணின் தலையில் ஒரு வெள்ளைக் கல். வருகிறவர்களிடமெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவார்.

பக்கத்து வீட்டு சபீனாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. குளிர்காலம் முழுக்க நகரத்தில் மகள் வீட்டில் இருந்துவிட்டு ஏப்ரலில் வந்தாள். மற்ற வீடுகளில் இரண்டில்தான் ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் பிற்பாடு குடிவந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து வருகையில் சபீனா சுவரெதிரே நின்றுவிட்டாள்.

"நல்லாத்தான் கட்டியிருக்கே, பார்பரா மவனே. கல்லு ஏது?"

எத்தனை லாரி ஓட்டினாலும் ஊரில் அவர் அம்மா பெயரோடுதான் அழைக்கப்பட்டார்.

"பாதி பாறைமேட்டுல பேர்த்தது. பாதி பழைய பாதை வளைவுக்கு மேல புல்லு மூடிக் கெடந்துச்சு. தாத்தா, பாட்டியோட சாவுக் குவியலெல்லாம் வளைவுக்குக் கீழ இருக்கு, அதத் தொடல. நான் என்ன விவரமில்லாதவனா?"

சபீனா கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அந்த ஊரில் பிணத்தைத் தோளில் சுமந்துதான் கல்லறைக்குப் போவார்கள். வழியிலுள்ள அந்த வளைவில் சவப்பெட்டியை இறக்கி வைப்பார்கள். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு கல் வைப்பார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குவியல்.

"உங்கம்மா போன அன்னிக்குக் கீழ ஒரே வெள்ளம். பெட்டிய வைக்க எடமில்ல. அதனால மேல வச்சோம்."

அம்மா இறந்த வருஷம் ஃபெஸ்டி இங்கிலாந்தில் வேலைத்தளம் மாறியிருந்தார். தந்தி அவரைத் தேடிப் பிடித்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள். பிறகு கல்லறைக்குப் பளிங்கு வைத்தார், ஊரிலேயே பெரியது. அம்மாவுக்குக் கல் எங்கே வைத்தீர்கள் என்று மட்டும் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

"அந்த வெள்ளக் கல்லு நான் வச்சது. கடலோரத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தேன்."

"எத்தன பேரு வச்சீங்க?"

"நாப்பது பேரு இருக்கும். கெளம்புறதுக்கு முன்னால, நீ வந்துருவேன்னு கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னோம். அப்புறம் மழை வந்துருச்சு."

மறுநாளே சுவரைப் பிரிக்கத் தொடங்கினார். எது அம்மாவுடைய கல், எது பாறைமேட்டுக் கல் என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றி வளைவுக்கு மேலே கொண்டுபோனார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. சபீனா தன் வாசலில் நின்று பார்ப்பாள்.

"உங்கம்மா என்ன மகாராணியா? இம்மாம் பெரிய குவியல் எதுக்கு?"

"நாப்பது கல்ல மட்டும் பொறுக்கிக் குடுங்க, மிச்சத்த விட்டுடுறேன்."

"எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டேனா, கழுத."

ஆகஸ்டில் சுவர் முழுக்கப் போயிற்று. ஆடுகள் உள்ளே புகுந்து அவர் வைத்த ரோஜாவைத் தின்றன, அவர் விரட்டவில்லை. வெள்ளைக் கல்லைக் குவியலின் உச்சியில் சபீனாவே வைத்தாள்.

பாக்கி ஒன்றே ஒன்று. கரையிலிருந்து அன்று காலை ஃபெஸ்டி எடுத்துவந்த, உள்ளங்கை அளவுக் கல்.

"வையேன்," என்றாள் சபீனா.

"இருங்க," என்றார். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே துறைமுகத்திலிருந்து ஏறி வரும் சாலையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.