புரட்டிப் போட்ட ஆமைகள்

மீன் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கருவாடு காயும் மணலிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறேன். ஆனால் அந்த வருஷம் எங்கள் குப்பத்தில் அடித்த நாற்றம் வேறு.

பழவேற்காட்டுக் கோட்டை ஒல்லாந்தர் கையில் இருந்த காலம் அது. எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாசி மாதத்தில், கோட்டைக்காரர்களுக்குப் பேச்சு மாற்றிச் சொல்லும் துபாஷி எங்கள் குப்பத்துக்கு வந்தார். கப்பல் ஒன்று வரப்போகிறதாம். மாலுமிகள் வழியில் அறுத்துத் தின்ன உயிருள்ள ஆமைகள் வேண்டுமாம். எவ்வளவு பிடித்தாலும் கோட்டை எடுத்துக்கொள்ளும் என்றார்.

அதுவரை எங்கள் ஆட்கள் எப்போதாவது ஒரு குழியைத் தோண்டி முட்டை எடுத்து வருவதோடு சரி. இப்போது கரையேறி வந்த தாய் ஆமைகளையே, குழி பறிப்பதற்கு முன்பே மடக்கினார்கள். குப்பத்துக்குப் பின்னால் தாழம்புதர் ஓரமாக அவற்றை மல்லாக்கப் புரட்டிப் போட்டார்கள். மல்லாந்த ஆமையால் எழுந்து போக முடியாது. துடுப்புக் கால்களால் வெறும் காற்றை அடித்துக்கொண்டு கிடக்கும்.

கப்பல் வரவில்லை. காற்று சரியில்லை என்று சொல்லி அனுப்பினார் துபாஷி. வெயில் ஏறியது. ஆமைகளின் வாயில் நுரை தள்ளியது. வயிற்றில் தங்காத முட்டைகள் பின்புறமாக வழிந்து மணலில் உடைந்தன. நாய்கள் வந்து நக்கின. கொஞ்ச நாளில், உயிர் இருக்கும்போதே கண்குழியில் புழு நெளிந்தது. கஞ்சிக் கலயத்தைத் தொட்டாலே எனக்குக் குமட்டியது. மசக்கை என்றாள் மாமியார். மசக்கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் புருஷனும் ஆமை பிடித்தவர்தான். அவரிடம் கேட்டேன்.

"இன்னாயா இது? கொல்றதுன்னா கொன்னுடுங்க. உசுரோட அழுக வுடறீங்களே."

"உசுரோட இருந்தாத்தான் கப்பல்காரன் எடுத்துப்பான்."

"கப்பல் எங்கயா? இதுங்க அத்தினியும் முட்ட போட வந்ததுங்க. இதுங்கள அழிச்சிட்டா அப்பறம் இந்தக் கரைக்கு எதுயா வரும்?"

"கடல்ல ஆமைக்கா பஞ்சம்? போய் வேலயப் பாருடி."

சொல்லிவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆமைகள் கிடந்த பக்கமாகவே நடந்து போனார். எனக்கு ஆமைகள்மேல் வந்த அருவருப்பைவிட அந்தத் துண்டின்மேல்தான் அதிகமாக வந்தது.

மறுநாள் ஆண்கள் கடலுக்குப் போனதும் பக்கத்துக் குடிசைக்காரியைக் கூப்பிட்டேன். வாய் பெரிது அவளுக்கு, மனசும் பெரிது. இன்னும் சில பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூச்சு இருந்தவற்றைத் தேடி, துடுப்பில் கயிறு கட்டி இழுத்தோம். சிலதைத் தொட்டதும் தோல் கையோடு வந்தது. பக்கத்துக் குடிசைக்காரி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி கயிற்றைப் பிடித்தாள். தண்ணீரில் விட்ட ஒன்றை அலை திரும்பக் கொண்டுவந்து போட்டது. மறுபடி தள்ளினோம். போய்விட்டது. பிழைத்துப் போனவை கொஞ்சம்தான்.

திரும்பி வந்த ஆண்கள் கத்தித் தீர்த்தார்கள். என் புருஷன் மட்டும் கத்தவில்லை. "சோறு போடு" என்றார்.

"கையெல்லாம் புழு. நீயே போட்டுக்க."

அவர் அன்று சாப்பிடவில்லை.

பிறகு துபாஷி பல்லக்கில் வந்தார். கப்பல் இங்கே நிற்காமலே நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டதாம். பல்லக்கை விட்டு அவர் இறங்கக்கூட இல்லை. "புதைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிடித்த கைகளே குழி வெட்டின. ஒரு துண்டுக் கறிகூட யார் வயிற்றுக்கும் போகவில்லை. பசிக்குத் தின்றிருந்தால் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்திருக்காது.

அந்த வருஷத்தோடு அது நிற்கவில்லை. அடுத்து வந்த கப்பல்களுக்கென்று பக்கத்துக் குப்பங்களும் பிடிக்க ஆரம்பித்தன. மாசி மாதத்துக் கரை மெல்ல மெல்ல வெறுமையானது. வலையில் மீனுக்குப் பதில், கண்ணாடிக் குடை மாதிரி கொழகொழவென்று மிதக்கும் சொறிமீன் ஏறியது. தொட்டால் கை தடித்து எரியும். சொறிமீனைத் தின்று குறைத்தது ஆமைகள்தான் என்கிறார்கள் வயதானவர்கள். அதுதான் காரணமா, எனக்குத் தெரியாது. எரிவது என் மகன் கை என்பது தெரியும்.

அன்று வயிற்றில் இருந்தவன் அவன். ஒருநாள் கைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான்.

"ஆம கரைக்கு வந்து முட்ட போடுமாமே, நெசமாம்மா? நான் பாத்ததே இல்லியே."

"உங்க நைனாவக் கேளு" என்றேன்.

வலை பின்னிக்கொண்டிருந்தவர், போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டார்.