பல்செட்காரர் வாங்கிய மூன்றாவது பேஸ்

பல்செட்காரர் தன்னுடைய மூன்றாவது பேஸ் கிட்டாரை வீட்டுக்குள் கொண்டுவந்த விதத்தைப் பார்த்திருந்தால், திருட்டுச் சாமான் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, உறையோடு அதை நெஞ்சில் அணைத்துக்கொண்டு, சுவர் ஓரமாகவே நகர்ந்து வந்தார். முன்னறையில் அவர் மனைவி தையல் மெஷினில் யார் வீட்டுக்கோ ஜன்னல் திரை தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இது எத்தனாவது?"

"பழசைக் கொடுத்துட்டுத்தாம்மா வாங்கியிருக்கேன்."

"அதையா கேட்டேன்? எத்தனாவதுன்னு கேட்டேன்."

"மூணாவது. ஆனா இதுதான் கடைசி."

"போன தடவை வாங்கினதும் கடைசிதான். அதுக்கு முன்னாடி வாங்கினதும் கடைசிதான். உங்க கடைசிக்கு ஒரு கடைசியே கிடையாதா?"

அவர் உறையோடு உள்ளறைக்கு நழுவினார். விளக்கம் சொல்லியிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. எந்தப் புருஷன்தான் தன் பைத்தியத்தைப் பெண்டாட்டிக்கு விளக்கி ஜெயித்திருக்கிறான்? அதுவும் அவர் விளக்க வேண்டிய விஷயம் சாமானியப்பட்டதல்ல. போன வருஷத்திலிருந்து அவர் வாங்கும் எந்த பேஸும் அவர் கையில் செத்துப்போய்க்கொண்டிருந்தது.

சொந்தப் பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. கரண்ட் பில்லில் வரும். மற்றபடி எல்லோருக்கும் அவர் பல்செட்காரர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு வைத்து, பல்லைப் பல்லாகப் பொருத்தி, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள். யாருடைய சிரிப்பையும் இவர் நேரில் பார்த்ததில்லை. ஜன்னல் இல்லாத ஒரு அறை, ஒரு மேஜை, காதைக் கிழிக்கிற ஒரு பாலிஷ் மெஷின், வெள்ளைத் தூசி படிந்த ஒரு ஃபேன். அவ்வளவுதான் அவர் உத்தியோகம்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் உயிரை விடுவார். ஞாயிறு காலை டயர் கடைக்குமேல் இருக்கும் கிடங்கில் நாலு பேர் கூடுவார்கள். கடைக்காரர் டிரம்ஸ். ஒரு கணக்கு வாத்தியார் கிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருவர் பாடுவார். பல்செட்காரர் பேஸ். ரப்பர் நாற்றத்துக்கு நடுவில், அடுக்கிய டயர்கள்மேல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் அந்தத் தடித்த கம்பியைத் தட்டும்போது தரையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி வயிற்றில் வந்து உட்காரும். வாழ்க்கையில் தனக்கென்று அவர் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தச் சத்தம் ஒன்றைத்தான்.

அதுதான் போன வருஷம் ஒருநாள் காணாமல் போனது.

அவருடைய பழைய பேஸில், எல்லாவற்றிலும் தடித்த அந்த நாலாவது கம்பி திடீரென்று சப்பென்று ஆனது. விரல் பட்டால் 'டக்' என்று ஒரு ஓசை வந்தது. அதற்குப் பின்னால் வரவேண்டிய கனம் வரவில்லை. கம்பியை மாற்றினார். வயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துத் தூசி தட்டினார். ஒன்றும் நடக்காததால் பேஸையே மாற்றினார். புதிதாக வந்தது ஒரு வாரம் யானை மாதிரி முழங்கியது. மனுஷருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு அதுவும் சப்பென்று ஆனது. மரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கனமான மரத்தில் செய்த இந்த மூன்றாவதைத் தேடிப் பிடித்தார்.

காதைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டால், தோன்றாமல் என்ன? தோன்றியது. ஆனால் பாலிஷ் மெஷினின் கீச்சு அவருக்கு நன்றாகக் கேட்டது. பக்கத்து அறையில் போன் அடித்தால் கேட்டது. கொசு காதருகே வந்தால் கேட்டது. ஊசி விழுந்தால் கேட்கிற காதில் யானை நடந்தால் கேட்காதா? கேட்காதது யானையின் குற்றம்தான். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். இடது காது அவ்வப்போது தண்ணீர் புகுந்ததுபோல் அடைத்துக்கொண்டது. சளி என்று நினைத்தார். ஒருமுறை வேலை அறையில் தலை சுற்றி மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்று நினைத்தார். வாயு மேல் எந்தப் பழியைப் போட்டாலும் அது எதிர்த்துப் பேசுவதில்லை.

மூன்றாவது பேஸும் பத்து நாள் நன்றாகப் பேசியது. பதினோராம் நாள் ஊமையானது.

இந்த நேரம் பார்த்துத்தான் நர்ஸம்மா அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியின் ஆண்டு விழாவில் நாலு பாட்டு வாசிக்க இவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். இவ்வளவு வருஷத்தில் டயர்களைத் தவிர வேறு யாரும் இவர்கள் வாசித்துக் கேட்டதில்லை. டயர் கடைக்காரர் அன்றே புதுச் சட்டைக்குத் துணி எடுத்துவிட்டார். பல்செட்காரர் மட்டும் விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினார்.

அந்த ஞாயிறு ஒத்திகையில் அவர் ஆம்பின் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். வாத்தியார் வாசிப்பதை நிறுத்தினார்.

"கொஞ்சம் குறைச்சுக்கோங்களேன் சார். என் கிட்டார் எனக்கே கேக்கல."

"இதுக்கு மேல குறைச்சா நான் வாசிக்கிறதே தெரியாது."

"சார், கீழ கடையில கதவு ஆடுதுன்னு சொல்றாங்க."

"யார் சொல்றா? கதவா சொல்லுச்சு?"

நர்ஸம்மா சிரிக்கவில்லை. வாத்தியார் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ட்யூனரை எடுத்தார். கருவியின் தலையில் கவ்வ வைத்தால், சுருதி சரியாக இருக்கும்போது பச்சை விளக்கு எரியும்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க நாலாவது கம்பி போன வாரத்துல இருந்து கொஞ்சம் இறங்கியே இருக்கு. இதைப் போட்டு ஒரு தடவை பாத்துடுங்க."

பல்செட்காரர் முகம் சுண்டிப்போனது. ட்யூனர் என்பது காதில்லாதவனுக்கு என்று ஆரம்ப நாளிலிருந்து சொல்லிவந்தவர் அவர். மற்ற மூவருமே அவர் பேஸைக் கேட்டுத்தான் தங்கள் சுருதியைச் சரிபார்ப்பார்கள். அதுதான் அந்தக் கூட்டத்தில் அவருக்கிருந்த ஒரே மரியாதை. அதற்கும் வேட்டு வைத்துவிட்டார்களே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. நம்மைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள், அதற்குத்தான் இந்தப் பீடிகை என்று முடிவே கட்டிவிட்டார்.

"அதை நீங்களே வச்சுக்கோங்க வாத்தியார். எனக்குக் காது இருக்கு."

விழா நாளும் வந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். டாக்டர்கள், நர்ஸ்கள், அவர்களுடைய குடும்பங்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் அவர் மனைவி, நல்ல புடவையில். மேடைக்குப் பின்னால் நின்று பல்செட்காரர் கடைசியாக ஒருமுறை சுருதி பார்த்தார். இடது காது அன்று காலையிலிருந்தே அடைத்திருந்தது. தடிக்கம்பியின் சத்தம் எங்கோ பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் மெலிந்து வந்தது. சுருதி ஏறியிருப்பதுபோல் வேறு தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். இப்போது சரி என்று காது சொன்னது. அவர் நம்பினார். பச்சை விளக்கு வாத்தியாரின் பைக்குள் சும்மா கிடந்தது.

முதல் பாட்டில் நர்ஸம்மா இரண்டு இடத்தில் தடுமாறினார். பதற்றம் போலிருக்கிறது என்று பல்செட்காரர் நினைத்து, அவருக்குத் தைரியம் கொடுக்க இன்னும் அழுத்தி வாசித்தார். வாத்தியார் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. இரண்டாவது பாட்டு ஆரம்பித்ததும் நர்ஸம்மா ஒருகணம் பாடுவதையே நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொண்டார். வாத்தியார் வாசித்துக்கொண்டே பின்னால் போனார், வந்தார். பாட்டு மறுபடி எழுந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் சொன்னபடி கேட்டது. நர்ஸம்மா பிரமாதமாகப் பாடினார். டயர் கடைக்காரர் புதுச்சட்டை நனைய நனைய அடித்தார். பல்செட்காரருக்கு விரலில் 'டக் டக்' என்று கம்பியின் ஓசை வந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் அவருக்கு வருவது அவ்வளவுதான், அதை வைத்துக்கொண்டே சமாளிக்கப் பழகியிருந்தார். ஒரு இடம்கூடப் பிசகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்ததும் கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்தோம், நம்மை இனி எவனும் அசைக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே வயரைக் கழற்றக் குனிந்தார்.

ஆம்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

யாராவது இப்போது குறைத்திருப்பார்கள் என்று நினைத்தார். பிறகு வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார்.

"எப்போ குறைச்சீங்க?"

வாத்தியார் கிட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க சார். எப்போ?"

"ரெண்டாவது பாட்டுல. சுருதி ரொம்ப இறங்கியிருந்துச்சு சார். அந்தம்மாவால பாட முடியல. எனக்கு வேற வழி தெரியல." பிறகு, தாங்கமாட்டாமல், "நீங்க திரும்பிப் பார்த்து என்னைத் திட்டுவீங்கன்னு நினைச்சேன். நீங்க பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே இருந்தீங்க" என்றார்.

பல்செட்காரர் அப்படியே ஆம்பின்மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று பாட்டு. மூன்று பாட்டையும் அவர் ஊருக்கு முன்னால் ஊமையாக வாசித்திருக்கிறார். கைதட்டிய யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, அவருக்கே தெரியவில்லை. அவமானம் என்றால் ஓடி ஒளிந்துகொள்ளலாம். இது அவமானமும் இல்லை, பயம்.

காது டாக்டரிடம் மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கீச்சென்ற மெல்லிய சத்தங்களுக்கெல்லாம் உடனுக்குடன் அழுத்தினார். பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெளியே மெஷின் முன்னால் இருந்த பெண் பொத்தான்களைத் தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

"பெரும்பாலும் கீச்சு மாதிரி மேல் சத்தம்தான் முதல்ல போகும்" என்றார் டாக்டர். "உங்களுக்குக் கனமான கீழ் சத்தத்துல இருந்து போகுது. உள்காதுல நீர் அழுத்தம். இடது காது அதிகம், வலதும் ஆரம்பிச்சிருக்கு. சில நாள் திரும்பி வரும், சில நாள் போயிடும். தலை சுத்துமே?"

"வாயுன்னு நினைச்சேன்."

"போனது முழுசா திரும்பும்னு சொல்லமாட்டேன். இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்போம்."

அப்போதுகூட அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பேஸை எடுத்து ஆம்பில் சொருகினார். மனைவி டீ போட்டுக் கொண்டுவந்து, வைக்க வேறு இடமில்லாமல், டம்ளரை ஆம்பின்மேலேயே வைத்தாள்.

"இங்கேயே இரு" என்றார். "நான் வாசிக்கிறேன். உனக்குக் கேக்குதான்னு சொல்லு. கேட்டா கேக்குதுன்னு சொல்லு, இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. எனக்காகப் பாக்காத."

அவள் தையல் மெஷினின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் தடிக்கம்பியைத் தட்டினார். அவருக்கு 'டக்' மட்டும் வந்தது.

"கேக்குதா?"

அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள்.

"இல்லைங்க" என்றாள். "எனக்கும் சரியாக் கேக்கல. இந்தக் கிட்டாரும் மட்டமான கிட்டார்தான் போலிருக்கு. வேணும்னா வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

அவருக்கு ஒரு கணம் உயிர் வந்தது. மறுபடி தட்டினார். அப்போதுதான் டம்ளரைப் பார்த்தார். டீயின்மேல் வட்டம் வட்டமாக நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. கையால் கம்பியை அமுக்கினார். டீ அடங்கியது. கையை எடுத்துத் தட்டினார். மறுபடி நடுங்கியது.

அவளும் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து டம்ளரை எடுக்கப் போனாள்.

"எடுக்காதம்மா" என்றார். "அங்கேயே இருக்கட்டும்."

அவள் கையை இழுத்துக்கொண்டாள். பல்செட்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டீயைப் பார்த்தபடி, முதல் பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.