நானூற்றுப் பதினெட்டரை

ஆல்டர் ஃபால்ஸ் நகரத் திட்டக் குழுவின் கூட்டங்களில் மார்லிஸ் டெபென் இருபத்திரண்டு வருடம் குறிப்பெடுத்தாள். அவ்வளவு காலம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊர்க்காரர்கள் பேசியதையெல்லாம் கேட்டவளுக்கு அவர்கள் மேல் மரியாதை மிச்சம் இருந்தால்தான் அதிசயம்.

யார் வந்தாலும் மூன்று நிமிடம். மைக் முன்னால் நின்று பெயரையும் முகவரியையும் சொல்லிவிட்டு மனதில் இருப்பதைச் சொல்லலாம். மனதில் இருந்தது எப்போதும் ஒன்றுதான். வீடு கட்டுவதற்கு நான் எதிரி இல்லை, ஆனால் அதை இங்கே கட்ட வேண்டாம். முதியோர் இல்லம் வந்தாலும் அதே பாட்டு, குழந்தைகள் காப்பகம் வந்தாலும் அதே பாட்டு. ஐஸ்கிரீம் கடை வரப்போகிறது என்றபோது, ஐஸ்கிரீம் தின்ன வருகிறவர்களின் ஒழுக்கத்தைப் பற்றி ஒருவர் மூன்று நிமிடமும் பேசினார். பக்கத்து மனையில் மாடி எழுந்தால் தன் தக்காளிச் செடிகளுக்கு வெயில் போய்விடும் என்று இன்னொருவர் கண் கலங்கினார். அடுத்த கோடையில் அதே பாத்தியைத் தோண்டி எறிந்துவிட்டு மூன்று கார் நிற்கிற கொட்டகை கட்டிக்கொண்டார். மார்லிஸ் தன் கணினியில் ஒரு வசதி செய்து வைத்திருந்தாள். இரண்டு எழுத்தைத் தட்டினால் 'பொதுவாக வீடு கட்டுவதை ஆதரிக்கிறார், இந்த இடத்தில் எதிர்க்கிறார்' என்று முழு வரியும் தானாக விழும். பேச வந்தவர் தொண்டையைச் செருமும்போதே தட்டிவிடுவாள். ஒருமுறைகூடத் திருத்த வேண்டி வந்ததில்லை.

ஆனால் குறிப்பில் பொய் எழுத மாட்டாள். குழுத் தலைவர் கார்டன் ஃபைஃபர் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். 'தலைவர் ஏழு நிமிடம் எந்தக் கேள்விக்கும் பதிலளிக்கவில்லை' என்று எழுதினாள். கார்டன் அதைப் படித்துப் பார்த்து, வேறு வழியில்லாமல் கையெழுத்தும் போட்டார்.

மார்லிஸ் ஊருக்கு வெளியே சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவள். டிராக்டர் விற்ற ரோஜரைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் குடித்தனம் செய்தாள். அவளுக்கு ஐம்பது வயதானபோது ரோஜருக்கு வாழ்க்கையில் வேறு ஏதோ தேவைப்பட்டது. அந்த வேறு ஏதோவின் பெயர் டெப்ரா. வீட்டை விற்றார்கள். ஒற்றை ஆளாகக் குடியிருக்க இடம் தேடிக் கிளம்பியபோதுதான் அந்த ஊரில் அப்படி ஓர் இடமே இல்லை என்பது மார்லிஸுக்கு உறைத்தது. இல்லை என்றால், யாரையும் கட்ட விட்டதில்லை என்று அர்த்தம். விடாமல் தடுத்த கூட்டம் ஒவ்வொன்றுக்கும் குறிப்பெடுத்தவள் அவளேதான்.

கடைசியில் லிண்டன் தெரு டுவைட் லாக்கென்தான் இடம் கொடுத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கார் கொட்டகையின் மேல் தன் அம்மாவுக்காக ஒரு சின்ன வீடு போட்டிருந்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி, வெளிப்பக்கமாக மரப்படி. அம்மா போன பிறகு பூட்டிக் கிடந்ததை மார்லிஸுக்கு வாடகைக்கு விட்டார். அவர் வீட்டு எண் 418. மாடிக் கதவில் 418½ என்று அவரே ஒரு தகடு அடித்து வைத்தார். நகரத்தின் ஆவணங்களில் அந்த அரை கிடையாது. ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்பது விதி. சொந்தக்காரர் தங்கினால் கண்டுகொள்ள மாட்டார்கள், வாடகைக்கு விட்டால்தான் வம்பு.

அவள் குடிவந்த வாரமே எதிர்வீட்டுப் பல் மருத்துவர் கிரெய்க் ஸ்டென்சன் வேலியோரம் வந்து நின்று, யார் இது, சொந்தமா என்று டுவைட்டைக் கேட்டார். டுவைட் இருமினார். கிரெய்க் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, "கசினா? நல்லது, நல்லது" என்றார். அன்றோடு மார்லிஸ் தெரு முழுவதற்கும் டுவைட்டின் கசின் ஆகிவிட்டாள். அப்பா வழியா, அம்மா வழியா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் உண்மை தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்தாக வேண்டும். நாகரிகமானவர்கள் அந்தச் சங்கடத்துக்குள் போவதில்லை. மார்லிஸும் எட்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் பொய் சொல்லாதவள் மௌனமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.

கசின் என்றால் கடமையும் உண்டல்லவா? குளிர்காலம் முழுக்கக் கிரெய்க்கும் மனைவி பேமும் அரிசோனாவில் வெயில் காய்வார்கள். இங்கே அவர்கள் வாசலில் விழுந்த பனியை மார்லிஸ் அள்ளிப் போடுவாள்.

எட்டாவது வருடம் செப்டம்பரில் விதியை மாற்றலாம் என்று திட்டக் குழுவின் முன் ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் பின்னாலோ கொட்டகையின் மேலோ ஒரு சின்ன வீடு இருக்கலாம், அதை யாருக்கு வேண்டுமானாலும் வாடகைக்கு விடலாம். நிறைவேறினால் மார்லிஸின் அரை, வீடு ஆகிவிடும். இல்லாவிட்டால் என்றைக்காவது எவராவது ஒரு புகார் எழுதினால் போதும், அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு லிண்டன் தெருக்காரர்கள் ஒரே மாதிரி பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். சட்டையில் 'நம் தெருவின் குணத்தைக் காப்போம்' என்று அச்சடித்திருந்தது. மனிதர்களுக்குக் குணம் தீர்ந்துபோன இடத்தில்தான் தெருவின் குணத்தைப் பற்றிப் பேச்சு வரும். ஒன்பது பேர் பேசினார்கள். மார்லிஸ் ஒன்பது முறை அந்த இரண்டு எழுத்தைத் தட்டினாள்.

பத்தாவதாகக் கிரெய்க் வந்தார். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் முப்பது வருடம் பேசிப் பழகியவர். எதிரில் இருப்பவர் பதில் சொல்லக்கூடும் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது.

"ஷெட்டு மேல குடியிருக்க யார் வருவாங்க? ஒட்டு உறவு இல்லாதவங்கதான் வருவாங்க. இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குக் காணாமப் போயிடுவாங்க. வாசல்ல பனி விழுந்தா அள்ளிப் போடக்கூட மாட்டாங்க."

மார்லிஸின் விரல்கள் நின்றுவிட்டன. தலைவரிடம், தானும் ஊர்க்காரிதான், தனக்கும் மூன்று நிமிடம் உண்டு என்றாள். திட்ட அலுவலகத்துப் பெண் கெல்சியைத் தன் நாற்காலியில் உட்கார்த்திவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள்.

"மார்லிஸ் டெபென். நானூத்திப் பதினெட்டரை, லிண்டன் தெரு."

எல்லார் காதிலும் அந்த அரைதான் விழுந்தது. எட்டு வருடமாக ஷெட்டின் மேல் இருப்பவள் நான்தான் என்றாள். பனியைப் பற்றி டாக்டர் கவலைப்பட வேண்டாம், அவர் வாசல் பனியையும் சேர்த்து அள்ளுகிறவளும் நான்தான், அது அவருக்கும் தெரியும் என்றாள். அவ்வளவுதான் பேசினாள், மூன்று நிமிடத்தில் பாதிகூட ஆகவில்லை.

பச்சைச் சட்டைகள் நெளிந்தன. கிரெய்க் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு எழுந்தார்.

"மார்லிஸ், உங்களை யாருங்க சொன்னா? நீங்க டுவைட்டோட கசின், குடும்பம். குடும்பத்துக்கு நாங்க என்னைக்காவது குறுக்க நின்னிருக்கோமா?"

அதோடு விடவில்லை. குழுவின் பக்கம் திரும்பி ஒரு சமரசமும் சொன்னார். சொந்தக்காரர்கள் மட்டும் தங்கலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தெருவும் கெடாது, மார்லிஸுக்கும் கஷ்டமில்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது. இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். யாரையும் புண்படுத்தாமல் எல்லாரையும் வெளியே நிறுத்த ஒரு வழி கிடைத்துவிட்டதே. கார்டனுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"நல்ல யோசனை. மார்லிஸ், பதிவுக்காகக் கேக்கறேன். நீங்க டுவைட்டுக்குக் கசின்தானே?"

தலையை ஆட்டினால் போதும். பின்வரிசையில் டுவைட், ஆட்டு, ஆட்டு என்று தன் தலையை ஆட்டிக்காட்டிக்கொண்டிருந்தார். மார்லிஸ் கெல்சியைப் பார்த்தாள். கெல்சியின் விரல்கள் பதிலுக்காகக் காத்திருந்தன.

"இல்ல. வாடகைக்கு இருக்கேன்."

அது தைரியம் என்று பிறகு சிலர் சொன்னார்கள். தைரியம் இல்லை, அருவருப்பு. அந்தச் சிரித்த முகங்கள் தூக்கிப் போட்ட ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு பிழைக்க அவளுக்கு மனம் வரவில்லை. கெல்சி அவள் சொன்னதை எழுதினாள். மார்லிஸ் தன் நாற்காலிக்குத் திரும்பி வந்து, சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்ற திருத்தத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டினாள். ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் நிறைவேறியது. வெளியே வரும்போது கிரெய்க் வழிமறித்து, கைதூக்கி விடத்தானே பார்த்தோம், இப்படிச் செய்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அடுத்த மாதம் நகரசபையும் தலையாட்டியது. மறுவாரமே பெயர் போடாத ஒரு புகார் வந்தது. ஆதாரமாகக் கூட்டக் குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்திருந்தார்கள். கட்டட ஆய்வாளர் டாட் தினமும் மார்லிஸோடு மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர். அறுபது நாளில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸை அவள் மேசையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் டுவைட் தொப்பியைக் கையில் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்தார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா நீ குடும்பம்தானே? நீ மேலயே இரு, நான் கீழயே இருக்கேன். ஒண்ணும் மாறாது."

மார்லிஸ் சிரிக்கவில்லை. அந்தத் தெருவில் மனிதர் என்று சொல்ல ஒருவர் இருந்தார், அவருக்கு எழுபத்து நாலு வயது.

"டுவைட், உங்களைக் கட்டிக்கிறதுல எனக்குக் கேவலம் ஒண்ணும் இல்ல. ஒரு பல் டாக்டர் மனசு சமாதானமாகணும்னு கட்டிக்கிறதுதான் கேவலம்."

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முப்பது மைல் தள்ளி, பழைய மோட்டல் ஒன்றை அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே ஓர் அறை கிடைத்தது. தினமும் வண்டியோட்டி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே பேச்சைக் கேட்க வேண்டும். வேறு எங்கே வேலைக்குப் போவது, இந்த வயதில்?

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு லிண்டன் தெருக்காரர்கள் அவளுக்குப் பிரிவுபசார விருந்து வைத்தார்கள். ஆமாம், அவர்களேதான். டுவைட் வீட்டு வாசலில் மடக்கு மேசைகளைப் போட்டு, வீட்டுக்கு ஒரு பாத்திரமாக அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷும் எலுமிச்சைக் கேக்கும் கொண்டுவந்து பரப்பினார்கள். வாழ்த்து அட்டையில் முப்பத்தொரு கையெழுத்து. உங்களைப் போல அக்கம்பக்கத்தவர் இனி யாருக்கு வாய்க்கும் என்று எழுதியிருந்தது. அந்த முப்பத்தொன்றில் ஒன்று புகார் எழுதிய கை. எது என்று மார்லிஸ் தேடவில்லை, தேடித்தான் என்ன? பேம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் நிஜம். அதைத்தான் மார்லிஸால் மன்னிக்க முடியவில்லை.

கேக் வெட்டிய பிறகு கிரெய்க் அவளைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க பையன் பிராடி மினியாபோலிஸ்லேருந்து திரும்பி வர்றான். ஊர்ல ஒரு இடமும் கிடைக்கல. எங்க வீட்ல வெச்சுக்கலாம், ஆனா அவன்கிட்ட ரெண்டு நாய் இருக்கு, பேமோட கார்ப்பெட் உங்களுக்குத் தெரியுமே. இந்த மாடி எப்படியும் காலியாகுது. டுவைட்டுக்குக் கசின்னு எழுதிக் கொடுத்துட்டா யாரும் நோண்ட மாட்டாங்க, இல்லையா? அந்த ஃபாரமெல்லாம் உங்களுக்குத்தான் அத்துப்படி."

அவர் முகத்தில் துளி வெட்கமாவது இருக்கிறதா என்று மார்லிஸ் பார்த்தாள். உதட்டோரம் கொஞ்சம் கேக் கிரீம்தான் இருந்தது.

"நாளன்னைக்குக் கூட்டம் இருக்கு, கிரெய்க். மைக்ல வந்து இதையே சொல்லுங்க. நான் அப்படியே எழுதிக்கிறேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.